எம். காவெல் என்ற பிரெஞ்சுக்காரர்

1

ஆக்லாந்து வந்து ஐந்து வருடம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜா கேசரி கிளறினாள். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். மகள் மாலினி ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். சரோஜா என்னைப் பார்க்காமல் பாத்திரத்தை மூடினாள். நான்கு நாள் கழித்து அந்தக் கேசரி குப்பைக்குப் போனது.

வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று ஊரிலிருந்து நண்பர்கள் எழுதிக் கேட்கிறார்கள். சுத்தமான காற்று, வரிசையில் நிற்கும் ஜனங்கள், ஆறு மணிக்கே அடைத்துவிடும் கடைகள் என்று முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிற இந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. என் மகள் செய்யாத திருட்டுக்கு, அவள் முன்னாலேயே, அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். திருட்டுக்குக் காரணம் நான்.

2

நான் ஓவியன். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவன். நிலக்காட்சி என்ற பாடமே எங்களுக்குப் பிரெஞ்சு நாட்டுப்புறத்திலிருந்துதான் வந்தது. நூலகத்து அச்சுப்படங்களைப் பார்த்து, அந்தக் கோதுமை வயல்களையும் ஆற்றோரப் பாப்லர் மரங்களையும் ஓட்டு வீடுகளையும் நகல் எடுத்தோம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே நாங்கள் பிரான்சின் மேகத்துக்குச் சாம்பல் நிறம் கலந்துகொண்டிருப்போம்.

படிப்பு முடிந்து, சிவகாசி காலண்டர்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தேன். பனிமலை, மரவீடு, ஏரியில் ஒற்றைப் படகு. பனியை ஐஸ் பெட்டிக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதில் யாரும் ஏமாறவில்லை. காலண்டர் கொடுக்கிற மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும், வாங்கிப் போய் ஆணியில் மாட்டுகிறவருக்கும் தெரியும், இதை வரைந்தவன் சுவிட்சர்லாந்து போனவன் இல்லை என்று.

சரோஜா நர்ஸ். அவளுடைய தகுதியில்தான் எங்களுக்கு இந்த நாட்டில் இடம் கிடைத்தது. என் பட்டயத்தை மதிப்பிடக் கொடுத்தேன். பல மாதம் கழித்து, பாடத்திட்டத்தின் அத்தாட்சி பெற்ற நகல் வேண்டும் என்று கடிதம் வந்தது. கல்லூரிக்கு எழுதினேன். கல்லூரி, கட்டணம் கட்டிய ரசீதைக் கேட்டது. எல்லாம் வந்து சேர்ந்தபோது இங்கே அதிகாரி மாறியிருந்தார். புதியவர் முதல் கடிதத்தையே மறுபடி அனுப்பினார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆக்லாந்தின் ஓரத்தில் இருக்கும் பாபகூராவில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, கராஜில் வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்ததைக் கண்டு உடனே தலையாட்டினேன். ஓவியனுக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் விழாது, நாள் முழுக்க நிறம் மாறாது என்பது பாடம். குடிவந்த பிறகுதான் உறைத்தது. பூமியின் இந்தத் தெற்குப் பாதியில் சூரியன் வடக்கு வழியாகத்தான் போகிறது. பகல் முழுக்க வெயில் உள்ளே வந்து என் வண்ணத்தட்டில் உட்கார்ந்தது.

"பத்து வீடு பாத்து கழிச்சது இந்த ஜன்னலுக்குத்தானா?" என்று சொல்லிவிட்டு, சரோஜா தன் பழைய ரோஜா நிறப் புடவையைத் திரையாகக் கட்டினாள். அன்றிலிருந்து நான் கராஜில் போட்ட எல்லா வானத்திலும் லேசாக ரோஜா நிறம் ஏறியது.

3

வார நாட்களில் மனுகாவ் பக்கம் ஒரு படச்சட்டக் கடையில் வேலை. படத்தைச் சுற்றி வைக்கிற கெட்டி அட்டையை அளந்து வெட்டுவேன். சனிக்கிழமைதான் என் நாள். பாபகூராவிலிருந்து சிறிது தூரத்தில் கென் என்பவரின் பால் பண்ணை. வேலி ஏறிக் குதித்து அனுமதி கேட்ட முதல் நாளே, "கேட்டை மட்டும் மூடிவிட்டுப் போ" என்றார். அவருக்கு வேறு நிபந்தனை கிடையாது.

மாலினிக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து அவளும் கூட வருவாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அந்தப் புல்வெளியில் மட்டும் என்னோடு தமிழில் பேசுவாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

வண்ணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் அரைமணி நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். காற்றில் சாயாமல் இருக்க, பழைய பால் கேனில் தண்ணீர் நிரப்பிப் படத்தாங்கியில் கட்டித் தொங்கவிடுவேன். ஒருநாள் நாங்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பு மாடு வந்து ஈரப் படத்தை நக்கிவிட்டது.

"அப்பா, மாடு வானத்தைத் தின்னுருச்சு!"

"எந்தப் பக்கம்?"

"மழை வர்ற பக்கம். நல்ல மாடுப்பா, விவரமான மாடு."

கென் வந்து, வாயெல்லாம் நீலமாக நின்ற மாட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளில் என் படத்தை ருசித்த முதல் ஆள் இவள்தான் என்றார். மாலினி புல்லில் உருண்டு சிரித்தாள். நாக்குத் தடத்தை நான் அழிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் கராஜில் இருக்கிறது.

4

சட்டக் கடை முதலாளி பிரையனிடம் கென்னின் பண்ணைப் படங்கள் நான்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் பார்த்தார். "இங்கே ஜன்னலைத் திறந்தால் இதேதான் தெரிகிறது. இதைக் காசு கொடுத்து யார் மாட்டுவார்கள்?" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காலண்டரை எடுத்துப் போட்டார். பிரெஞ்சு நாட்டுப்புறம். ஊதாப்பூ வயல், கல் வீடு, பாப்லர் வரிசை. கிளென்ஃபீல்டில் இருந்த அவருடைய இன்னொரு கடையில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வயதில் என் கை வரைந்து பழகிய இடம் அது. கென்னின் பண்ணை ஓரத்தில் நின்ற பாப்லர்களையே படத்தில் பிரான்சுக்குக் கொண்டுபோனேன். ரோஜா வானத்தைப் பார்த்து, "இந்த வெளிச்சம் பிரான்சில் மட்டும்தான் கிடைக்கும்" என்றார் பிரையன். சரோஜாவின் புடவை என்று நான் சொல்லவில்லை.

மாணிக்கவேல் என்று கையெழுத்துப் போட்டால் விற்காது என்றார். ஒரு காகிதத்தில் என் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் வெட்டி, கே எழுத்தை எடுத்துவிட்டு சி போட்டார். எம். காவெல். "உன் பெயர்தானே, பொய் இல்லையே" என்றார். கடையின் முத்திரை மாதிரி என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். மாலினி கராஜில் அந்தக் கையெழுத்தைப் பார்த்து, "யாருப்பா இவரு?" என்றபோதும் அதையேதான் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் பிரையன், படத்தோடு கொடுக்க ஒரு சின்ன அட்டை வேண்டும், ஓவியர் எப்படி வேலை செய்கிறார் என்று நாலு வரி எழுதிக்கொடு என்றார். இங்கேதான் என் அசிங்கம் ஆரம்பிக்கிறது. நாலு வரி கேட்டவருக்கு நான் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், ஆசையோடு, இரண்டு முறை திருத்தி எழுதினேன். காவெல் பிரெஞ்சுக் கிராமம் ஒன்றில் கல் வீட்டில் வசிக்கிறார். விடிகாலையில் வயலுக்குப் போகிறார். பெட்டியைத் திறக்கும் முன் அரைமணி நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். பால் கேனில் தண்ணீர் நிரப்பிப் படத்தாங்கியில் கட்டுகிறார். ஒருமுறை ஒரு கறுப்பு மாடு அவருடைய வானத்தை நக்கிவிட்டது. நாக்குத் தடத்தை அவர் அழிக்கவில்லை.

பிரான்சைப் பற்றி எனக்கு வேறு என்ன தெரியும்? என் சனிக்கிழமைகளை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். மாலினியை மட்டும் விட்டுவிட்டேன். அந்தக் கல் வீட்டுக்காரனுக்கு மகள் கிடையாது.

5

மாலினி இப்போது ஏழாவது ஃபார்மில் இருக்கிறாள். நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு. ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அவளுடைய ஓவிய ஆசிரியை மிஸஸ் பிராடியின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இந்த வருடம் அவர் கொடுத்த கட்டுரைத் தலைப்பு, ஒரு நிலக்காட்சி ஓவியரின் வேலை நாள். எல்லோரும் நூலகத்துக்குப் போனார்கள். மாலினி யாரிடமும் சொல்லாமல் தன் அப்பாவைப் பற்றி எழுதினாள்.

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மாலினியின் கட்டுரை குறித்துப் பேச வேண்டும், நேரில் வரவும். அந்த மாதம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். நன்னடத்தை பற்றி ஒரு முழுப் பக்கம் கேள்விகள்.

மாலினியையும் என்னையும் உட்காரவைத்துவிட்டு, மிஸஸ் பிராடி மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மாலினியின் கையெழுத்து. மற்றது காவெலின் அட்டை.

"இந்த அட்டை என் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இருக்கும் படத்தோடு வந்தது. பால் கேன், அரைமணி நடை, கறுப்பு மாடு, நாக்குத் தடம். எல்லாம் ஒன்றே. மாலினி இது தன் அப்பாவைப் பற்றியது என்கிறாள். அதனால் உங்களிடம் நான்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"ஐ ஆம் வெரி ஸாரி, மேடம்," என்றேன். "சின்னப் பெண். தெரியாமல் செய்துவிட்டாள். இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள்."

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியும். வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினால் நம் பெற்றோர்கள் அப்படித்தான் நிற்பார்கள். என்ன குற்றம் என்று கேட்பதற்கு முன்பே, "நீங்களே நாலு போடுங்க சார்" என்பார்கள். என் அப்பா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணிவு என் முதுகெலும்பிலேயே இருக்கிறது, ஆசிரியரைக் கண்டால் தானாக வளைகிறது. ஆனால் அதை மட்டும் சாக்காகச் சொன்னால் அது இன்னொரு பொய். மேஜையில் அட்டையைப் பார்த்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடை, காவெல், விண்ணப்பம், நன்னடத்தை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பணிவு எனக்கு வசதியாக இருந்தது. அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

மாலினி அட்டையை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். படித்து முடித்துத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் மிஸஸ் பிராடியின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் சரி," என்றார் மிஸஸ் பிராடி. குரலில் வருத்தம் இருந்தது. "கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. சிபாரிசுக் கடிதம் நான் எழுத முடியாது. திருடியதுகூடப் பெரிதில்லை, அதற்கு அப்பாவின் பெயரைச் சொன்னாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை."

6

காரில் மாலினி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள், ஆங்கிலத்தில். "அவர் கேள்வியே கேட்கவில்லையே. அதற்குள் ஏன் பதில் சொன்னீர்கள்?"

வீட்டில் சரோஜா சீருடையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டாள். "நீங்க எதுக்கு ஸாரி சொன்னீங்க?"

"டீச்சர் முன்னாடி வாய் தானா..."

"வாய் தானா பேசுச்சு. சரி. அப்புறம் எதுக்கு தானா மூடிக்கிச்சு?"

பக்கத்துத் தெருவில் இருக்கும் பரம் அண்ணனிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் குடியுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஐயோ தம்பி, இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ. பேப்பர் கையில வரட்டும். பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்."

"பொண்ணோட கடிதம் அண்ணே..."

"ஓம், ஓம், விளங்குது. பிள்ளைக்கு இன்னொரு கல்லூரி கிடைக்கும். உமக்கு இன்னொரு நாடு கிடைக்குமோ?"

அது நல்ல ஆலோசனையாக எனக்குப் பட்டது. அதைத்தான் கேட்க விரும்பி அவரிடம் போனேன் என்று இப்போது தெரிகிறது. எட்டு நாள் சும்மா இருந்தேன். எட்டு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஊதாப்பூ வயல் ஒன்றை முடித்துக்கூடக் கொடுத்தேன். நடுவில் வந்த சனிக்கிழமை மாலினி வரவில்லை. பரீட்சை என்றுகூட அவள் சாக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7

ஒன்பதாவது நாள் பிரையன் கடையில் என்னைத் தோளில் தட்டிக் கூப்பிட்டார். அட்டையைப் புதிதாக, பெரிதாக அச்சடித்திருந்தார். ஓரத்தில் மாட்டின் படம் வேறு.

"எல்லோருக்கும் அந்த மாட்டைப் பிடித்திருக்கிறது. மாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதேன். பெயர் வைக்கலாமா? பிரெஞ்சுப் பெயர்?"

கடையின் பின்பக்கம் போய்க் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பிரையனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையாகவே திகைத்தார். "இதில் யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார். படம் நன்றாக இருக்கிறது, வாங்கியவர் சந்தோஷமாக இருக்கிறார், உனக்கும் வேலை இருக்கிறது. அட்டை வெட்டும் கத்தியைக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டு நாள் பிந்திய வேலை.

பள்ளி விட்டிருந்தது. மிஸஸ் பிராடி தனியாகத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். காவெல் நான். அட்டையை எழுதியது நான். நான் பிரான்சைப் பார்த்ததே இல்லை. மாலினி எழுதியதில் ஒரு வரிகூடத் திருட்டு இல்லை, அவள் கூட இருந்து பார்த்தது.

அவர் குழாயை மூடினார். "மாடு உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. இங்கே, பக்கத்தில், கென் என்பவருடைய பண்ணையில்."

"அந்த மாட்டுக்காகத்தான் நான் அந்தப் படத்தை வாங்கினேன்," என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். அழுகிய பழத்தைத் தொட்டுவிட்ட கையோடு ஒருவர் பார்ப்பாரே, அப்படி. "அன்றைக்கு இதே இடத்தில் நின்றுகொண்டு, நான் அவளுக்கு அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

"ஸாரி, மேடம்."

"என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?" என்றார்.

8

அந்த ஞாயிறுதான் கேசரி கிளறிய ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமையும் மாலினி என்னோடு வரவில்லை. கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

மிஸஸ் பிராடி தன் தவறைத் திருத்திக்கொண்டார். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார், வகுப்பு முன்னால் மாலினியிடம் வருத்தம் தெரிவித்தார், சிபாரிசுக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தார். குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. காவெலைப் பற்றித் தனித்தாளில் எழுதி அதோடு சேர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து பரம் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில், போன வாரம் மாலினியின் பையிலிருந்து ஒரு தாள் கீழே விழுந்தது. நிலக்காட்சி ஓவியரின் வேலை நாள், புதுக் கட்டுரை. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர், நூறு வருடத்துக்கு முந்தையவர், நூலகப் புத்தகத்திலிருந்து எழுதியது. நல்ல மதிப்பெண் போட்டிருந்தது. பழைய கட்டுரையைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்திருக்கிறாள். அவள் அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டி, "ஏம்மா? பழசுக்குத்தான் மார்க் குடுத்துட்டாங்களே?" என்று கேட்டேன்.

தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். பல நாளைக்குப் பிறகு தமிழில் பேசினாள். கோபமே இல்லாத குரல்.

"செத்துப்போனவரைப் பத்தி எழுதினா அவர் ஸ்கூலுக்கு வந்து ஸாரி சொல்ல மாட்டாருப்பா."